செட்டிநாட்டு வீட்டுக்கு வயது சொல்வது எப்படி?

கட்டடக்கலை வரலாற்றாளர் வேலைக்கு ஐந்தாண்டு பி.ஆர்க் படித்தவர்களும் வருகிறார்கள், வரலாற்றில் எம்.ஏ. முடித்தவர்களும் வருகிறார்கள். இரு சாராரும் முதலில் பழக வேண்டியது, ஒரு வீட்டை அளந்து அதற்கு ஆண்டு குறிப்பது. காரைக்குடிப் பக்கத்து வீடுகள் இதற்கு அருமையான களம்.

30 மீட்டர் டேப், இரண்டு ஆள் போதும். தூணுக்குத் தூண் தனித்தனியாக அளந்து கூட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் 5 மி.மீ. தவறினால் 20 இடைவெளிக்கு 10 செ.மீ. விலகிவிடும். டேப்பை ஒரே நீளமாக விரித்து, ஒரே பூஜ்யத்திலிருந்து எல்லாத் தூண்களுக்கும் அளவு படியுங்கள். வளவு எனப்படும் வீட்டின் நடுப்பகுதியில் உள்ள முற்றத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் எடுக்க மறந்தால், கோணலான முற்றம்கூட வரைபடத்தில் நேராக உட்கார்ந்துவிடும். சுவர்க்கனத்தை வாசல் திறப்புகளில் அளக்கலாம். கனம் திடீரென மாறும் இடத்தைச் சிவப்பில் குறியுங்கள். அது பின்னால் சேர்த்த பகுதியாக இருக்கலாம்.

ஆண்டு குறிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முகப்பில் 'ஆனந்த வருடம்' என்றிருந்தால் அது 1854-55ஆகவும் இருக்கலாம், 1914-15ஆகவும் இருக்கலாம். ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். அப்போது இரும்பு உத்திரத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் 'டார்மன் லாங்' என்று புடைத்திருந்தால், அந்த இங்கிலாந்து நிறுவனம் தொடங்கியதே 1875இல். அந்த உத்திரத்துக்கு 1854 பொருந்தாது. ஆனால் அவசரப்பட வேண்டாம். உத்திரம் சுவரில் இறங்கும் இடத்தைச் சுற்றி வேறு சாந்து தெரிந்தால், அது பிற்பாடு செருகியது. பழுதுபார்த்த காலத்தைச் சொல்லுமே தவிர, கட்டிய காலத்தைச் சொல்லாது.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை மட்டும் நம்பி வயது சொல்லவே கூடாது. அந்தச் சிமென்ட் கல்லை இன்றும் கண்ணாடி மேல் வார்க்கிறார்கள். தளத்தை எந்தத் தலைமுறையிலும் மாற்றியிருக்கலாம். தூண்களின் அடிக்கல் தரைக்குள் புதைந்தாற்போல் தெரிந்தால், கீழே பழைய தளம் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாகப் பத்திரங்கள். முந்தைய பத்திரத்தில் 'மனை' என்று மட்டும் இருந்து, அடுத்ததில் 'மனையும் கட்டடமும்' என்று வந்தால், வீடு இடைப்பட்ட காலத்தில் எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டாரிடம் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, பதிவு எண்ணைப் பிடியுங்கள்.

அறிக்கையில் வீடு முழுவதற்கும் ஒரே ஆண்டு போடாதீர்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு (வளவுக்குப் பின்னுள்ள பகுதி), அடுப்படி என்று தனித்தனியே ஆண்டு எழுதி, பக்கத்திலேயே ஆதாரத்தையும் குறியுங்கள்.