விவாகரத்து ஆன கையோடு நாமினியைப் பாருங்கள்

தீர்ப்பு வந்ததும் ஆளாளுக்கு "மனசைத் தேத்திக்கோ" என்றார்கள். உருப்படியாகக் கேட்டது எதிர்வீட்டு அக்கா மட்டும்தான்: "பேங்க்ல நாமினி யாருன்னு பாத்தியா?"

பார்த்தேன். நமக்கு ஏதாவது ஆனால் பணத்தை வாங்கிக்கொள்ள நாம் பெயர் கொடுத்திருக்கும் ஆள்தான் நாமினி. சேமிப்புக் கணக்கு, எல்ஐசி, பிஎஃப் மூன்றிலும் முன்னாள் கணவர் பெயர்தான். வங்கியிலும் காப்பீட்டிலும் விவாகரத்து ஆனதால் அது தானாக மாறிவிடாது. நாம்தான் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பிஎஃப்புக்கு இணையத்திலேயே இ-நாமினேஷன் செய்யலாம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ரேஷன் கார்டு வரை எங்கே போனாலும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் மட்டும் நிம்மதி. 2016 டிசம்பரில் அறிவித்த மாற்றத்தின்படி, விவாகரத்தானவர்கள் விண்ணப்பத்தில் துணையின் பெயரைத் தர வேண்டியதில்லை.

வங்கிப் படிவத்தில் 'உறவுமுறை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. 'தாய்' என்று எழுதினேன். அன்றைக்கு அது ஒன்றுதான் முடிந்தது, போதும். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள்.

சரி, மனசு? அவருக்கு ஆகாது என்று பத்து வருடமாக வீட்டில் கருவாடு வாங்கியதில்லை. அன்று சாயங்காலம் கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். உப்பு தூக்கலாகிவிட்டது. இருந்தாலும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.