டொர்னாடோ அடித்த மறுநாள்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒக்லஹோமா போகிறவர்களுக்கு

ஆடி மாதம் வந்துவிட்டால் என் வீட்டு முகப்பில் ஆள் நடமாட்டம் இருக்கும். ஆகஸ்டில் விமானம் ஏறப்போகும் பிள்ளைகள் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் என்று பல ஊர்களிலிருந்தும் அம்மா அப்பாவோடு வருவார்கள். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை. குக்கர் கொண்டுபோகலாமா, வற்றல் வடகத்தை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களா, எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்றெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள். டொர்னாடோ என்று அங்கே சொல்லும் சுழற்காற்றைப் பற்றிக் கேட்பவர்கள் அம்மாக்கள்தான். போன வருஷம் வந்த கண்டனூர் ஆச்சி ஒருவர் கேள்வியையும் கேட்டுப் பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: "கஜாவையே பாத்தவுக நாம. அதுக்கு மேலயா அங்கிட்டு அடிச்சிடப் போகுது?"

அடிக்கும் ஆச்சி. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டையைப் புரட்டிப்போட்டுவிட்டு நம் பக்கம் வந்தது. வருகிறது வருகிறது என்று பல நாள் முன்பே டிவியில் சொன்னார்கள். டொர்னாடோவுக்கு அப்படி நாள் கணக்கெல்லாம் கிடையாது. எச்சரிக்கை வந்தபின் பத்து நிமிஷம் கிடைத்தால் நல்ல நேரம். பெரியதாக வந்தால், அவர்கள் இ.எஃப்.5 என்று சொல்லும் வகையில், காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும். வீடுகளும் நம் வீடுகள் மாதிரி இல்லை. இரண்டடிச் செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அங்கே கிடையாது. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். ஒக்லஹோமாவில் நிறைய வீடுகளுக்கு நிலவறைகூட இருக்காது.

ஒளிந்துகொள்வது எப்படி என்று பல்கலைக்கழகத்திலேயே முதல் வாரத்தில் சொல்லிவிடுவார்கள். வெளியே வந்த பிறகு விசாவில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதனால் முதல் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கு வருகிறேன்.

டொர்னாடோ வாட்ச் என்று செல்போனில் வந்தால் வரக்கூடும் என்று பொருள். சார்ஜ் போடுங்கள், ஷூவை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். வார்னிங் என்று வந்தால் உடனே போய் ஒதுங்க வேண்டும்: கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள் அறையில், குளியல் தொட்டியிலோ துணி வைக்கும் சிற்றறையிலோ. மேலே மெத்தை, தலையில் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குச் சிரிக்காதீர்கள், பலருக்கு எமனாவது பறந்து வரும் பலகைதான். சைரனை மட்டும் நம்பவும் வேண்டாம்; அது வெளியில் நிற்பவர்களுக்காக வைத்தது. ஒக்லஹோமா சிட்டியில் சனிக்கிழமை மத்தியானம் 12 மணிக்குச் சோதனைக்காக ஊதுவார்கள், அதைக் கேட்டு ஊருக்குப் போன் போட்டு அழ வேண்டாம். ஆனால் மற்ற நேரத்தில் ஊதினால், "தினமும் ஊதுறான்" என்று பால்கனியில் நின்று வீடியோ எடுக்காதீர்கள். மிசௌரியின் ஜாப்ளினில் 2011 மே 22 அன்று 150 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் சைரனைக் கேட்டும் அங்கே பலர் அசையவில்லை என்று பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது.

காரில் தப்பிக்க நினைப்பதும் வேண்டாம், பாலத்தடியில் ஒதுங்குவதும் வேண்டாம். 2013 மே 31 அன்று எல் ரீனோவில் வந்தது நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகலம். அந்த டொர்னாடோவால் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள்.

காற்று நின்ற பிறகு

முதலில் ஷூ. கதவைத் திறக்கும் முன்பே ஷூ. டொர்னாடோ போன தெருவில் பலகைகள் ஆணி மேலே பார்த்தபடி கிடக்கும். கண்ணாடித் தூள், மரக்கிளைகளில் ரோஸ் நிறப் பஞ்சு, அதாவது சுவருக்குள் வைத்திருந்த கண்ணாடி இழை. எங்கோ குழாய் உடைந்து தண்ணீர் பீறிடும். தெருவின் ஒரு பக்கம் தரைமட்டமாகியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் பூந்தொட்டி அசையாமல் இருக்கும். பார்த்துக்கொண்டே நின்றுவிடத் தோன்றும், நிற்காதீர்கள்.

அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது காஸ் கசிவு. சுவிட்சைத் தொடாமல், தீக்குச்சி உரசாமல் வெளியேறித் தள்ளிப்போய் அவசர எண் 911-க்குச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீட்புக்குழு வந்து பார்த்த வீட்டுக் கதவில் ஸ்ப்ரே பெயின்டில் பெரிய பெருக்கல் குறி போட்டு எண்கள் எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம், உள்ளே தேடி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

காயத்தில் மண் பட்டிருந்தால் சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். ஜாப்ளினில் பிழைத்துக்கொண்ட 13 பேருக்குக் காயத்தின் வழியே கரும்பூஞ்சை வகைத் தொற்று வந்து, ஐந்து பேர் இறந்தார்கள். கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட அதே குடும்பத்துப் பூஞ்சைதான். நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு, புண் கறுத்தாலோ வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கரன்ட் போனால், திறக்காத ஃபிரிட்ஜில் சாப்பாடு நான்கு மணி நேரம் தாங்கும். யாராவது ஜெனரேட்டர் கொடுத்தால் வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தெரியாமலே உயிர் போய்விடும்.

ஊருக்குத் தகவல்

அங்கே சாயங்காலம் 5 மணி என்றால் மே மாதத்தில் காரைக்குடியில் விடிகாலை 3.30. அம்மா எழுந்து டிவி போடும் முன் உங்கள் செய்தி வந்து சேர வேண்டும். லைன் நெரிசலில் பேச முடியாது, ஆனால் குறுஞ்செய்தி போய்விடும். "நல்லா இருக்கேன், சார்ஜ் இல்ல, நாளைக்குப் பேசுறேன்" என்று ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள். சித்தப்பா, அத்தை, செக்காலை மாமா எல்லாருக்கும் அவர் சொல்லட்டும். யார் அந்த ஒருவர் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் ஒன்று: வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவில் பாதி வேறு ஏதோ வருஷத்தில் எடுத்தது. அதைப் பிள்ளைக்கே அனுப்பி "இது உன் வீட்டுக்கிட்டயா?" என்று கேட்டு அவன் பாட்டரியைத் தீர்க்காதீர்கள்.

காகிதம், காப்பீடு, காசு

பாஸ்போர்ட், விசா, ஐ-20 (பல்கலைக்கழகம் மாணவர்களுக்குத் தரும் படிவம்) அல்லது ஐ-797 (வேலை விசாவுக்கான ஒப்புதல் கடிதம்), வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் படம் எடுத்து மெயிலில் போட்டுவையுங்கள். இன்னொரு பிரதி ஊரில் அப்பாவிடம் இருக்கட்டும். ஐ-94-ஐ, அதாவது நாட்டுக்குள் நுழைந்த பதிவை, இணையத்திலேயே திரும்ப எடுக்கலாம். ஐ-20 தொலைந்தால் பல்கலைக்கழகத்தில் மறுபடி தருவார்கள். பாஸ்போர்ட் போய்விட்டால் போலீஸில் எழுதிக்கொடுத்து, அந்த அறிக்கையோடு இந்தியத் துணைத் தூதரகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒக்லஹோமா, டெக்சாஸ் என்றால் ஹூஸ்டன். அலபாமா, டென்னசி என்றால் அட்லான்டா.

பலர் கோட்டை விடுவது முகவரியில். வீடு போய் நண்பன் வீட்டில் தங்கினாலும் அது முகவரி மாற்றம்தான். எஃப்-1 மாணவர்கள் 10 நாளுக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் சொல்ல வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் அதே 10 நாளுக்குள் முகவரி மாற்றத்துக்கான ஏ.ஆர்-11 படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். கூரை பறந்தது என்பதற்காக இதில் யாரும் சலுகை தருவார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டும். உங்கள் லேப்டாப், துணி, மெத்தைக்கு ஒரு காசு வராது. அதற்கு ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் என்று தனியாக எடுக்க வேண்டும். பெரும்பாலும் மாதம் 15, 20 டாலர்தான். வீடு குடியிருக்க முடியாமல் போனால் ஓட்டல் செலவையும் அதிலேயே தருவார்கள், அந்தப் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பீட்சா சாப்பிடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். காருக்கும் அப்படித்தான்: அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான லயபிலிட்டி மட்டும் இருந்தால் மரம் விழுந்து நொறுங்கிய காருக்கு எதுவும் கிடைக்காது. உங்கள் காருக்கே ஆகும் இந்த மாதிரிச் சேதத்துக்குக் காம்ப்ரிஹென்சிவ் வேண்டும்.

இழப்பீடு கேட்கும்போது என்னென்ன இருந்தது என்று பட்டியல் கேட்பார்கள். கல்யாணச் சாமானைப் பரப்பிவைத்து, வெள்ளிக் குத்துவிளக்கு முதல் கரண்டி வரை ஒன்று விடாமல் எழுதிவைக்கும் ஊர்க்காரர்கள் நாம். அதே மாதிரி குடியேறிய வாரமே அறை அறையாக ஒரு வீடியோ எடுத்துவையுங்கள். பல பாலிசிகளில் நகைக்குத் தனி வரம்பு உண்டு. வைரத் தோடு காரைக்குடி லாக்கரிலேயே இருக்கட்டும்.

அரசாங்கப் பணம் என்றால் ஃபீமா, அதாவது அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு. ஜனாதிபதி பேரிடர் என்று அறிவித்து, உங்கள் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) தனிநபர் உதவியும் உண்டு என்று சொன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். அங்கேயும் எஃப்-1, எச்-1பி-க்குப் பண உதவி கிடையாது. குடியுரிமை, கிரீன் கார்டு போன்றவை வேண்டும். ஆனால் வீட்டில் அமெரிக்காவில் பிறந்த குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் பேரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலே பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. தங்குமிடம், சாப்பாடு, தண்ணீர், மனநல ஆலோசனை எல்லாம் எந்த விசாக்காரருக்கும் உண்டு.

வரிசையில் நிற்பது

ஒரு முறை டொர்னாடோவுக்கு மறுநாள் தேவாலய மைதானத்தில் தண்ணீரும் போர்வையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் வரிசையில் சேராமல் ஓரமாகக் கை கட்டி நின்றான். அவன் குடியிருந்த அப்பார்ட்மென்டுக்குக் கூரையே இல்லை. "போய் வாங்கு தம்பி" என்றேன். "வேணாம்ணே, கஷ்டப்படுறவங்க வாங்கட்டும்" என்றான். அவன் காலில் ஒரு காலுக்குச் செருப்பு, இன்னொரு காலுக்கு யாருடையதோ ஷூ. கடைசியில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் வந்து ஒன்றும் கேட்காமல் போர்வையை அவன் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

பந்தி போட்டே பழகிய ஊர், இலையில் உட்காரக் கூச்சம் இல்லை, கை நீட்ட மட்டும் கூச்சம். அதை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். செஞ்சிலுவைச் சங்க முகாமில் விசா கேட்க மாட்டார்கள். சாண்ட்விச்சில் பன்றியும் மாடும் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், சீஸ் வைத்தாவது தருவார்கள். எந்த உதவி எங்கே என்று தெரியாவிட்டால் 211-க்குப் போன் செய்யுங்கள். தூக்கம் வராமல், மழை இரைந்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டால், 1-800-985-5990 பேரிடர் மன அழுத்தத்துக்கான இலவச எண். வாரங்கள் கழித்தும் அழைக்கலாம். பெரிய ஆம்பளைகள் சிரித்துக்கொண்டே "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இடி இடித்ததும் குளியலறைக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாளிலிருந்து இன்னொரு கூட்டம் வரும். வேற்று மாநில நம்பர் பிளேட் வண்டியில் வந்து கதவைத் தட்டி, "கூரை போட்டுத் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து, பாதிப் பணம் இப்போதே" என்பார்கள். சொந்த வீடு வாங்கியவர்கள் இன்சூரன்ஸ் ஆள் வந்து பார்ப்பதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடிய செலவுக்கு மட்டும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அது பிறகு திரும்ப வரும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேலை சுருக்கம். அடுத்த வீடு பார்க்கும்போது சமையலறை எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன், கீழ்த்தளம் காலியிருக்கிறதா, வார்னிங் வந்தால் இந்த வளாகத்தில் எங்கே ஒதுங்குவது, ராத்திரி 2 மணிக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா என்று மேனேஜரிடம் கேளுங்கள். ராத்திரியிலும் வரும், குளிர்காலத்திலும் வரும். கென்டக்கியின் மேஃபீல்டில் 2021-இல் அடித்தது டிசம்பர் 10-ஆம் தேதி ராத்திரி.