பழைய கான்கிரீட் வீட்டில் வெளிச்சமும் இடமும் பெறுவது எப்படி?

சென்னையில் 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட தனி வீடுகள் பலவற்றில், சுற்றிலும் அறைகள் அடைத்துக்கொண்டதால் நடு ஹாலில் பகலிலேயே டியூப்லைட் எரிகிறது. இடம் போதவில்லை என்று கூடுதல் அறை கட்டத் திட்டமிடுவதற்கு முன், இருட்டினால் யாரும் புழங்காத மூலைகள் எவை என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் தேவையான இடம் அங்கேயே இருக்கிறது.

முதலில், எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று அறிய வேண்டும். அக்கால வீடுகள் பலவற்றில் தூண்கள் கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர்களே தளத்தைத் தாங்குகின்றன. நாலரை அங்குலச் சுவர் பொதுவாகத் தடுப்பு மட்டுமே என்றாலும், அதன்மேல் மாடிச் சுவரோ லாஃப்ட்டோ அமர்ந்திருக்கக்கூடும் என்பதால், கொத்தனாரின் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். பாரச்சுவரில் திறப்பு வைப்பதென்றால், தளத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, பொறியாளர் சொல்லும் அளவில் பீம் ஏற்றி, அது சரியாக அமர்ந்தபின்பே அடியிலுள்ள செங்கல்லை எடுக்க வேண்டும்.

அப்படியே ஒரு சிறு சுத்தியலால் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. உள்ளீடற்ற ஓசை வந்தால் பூச்சு விட்டிருக்கலாம், அல்லது கம்பி துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் வேறு வேலையைத் தொடங்காதீர்கள்.

வெளிச்சம் கொண்டுவர மிகச் சிறந்த இடம் மாடிப்படிக்கு மேலுள்ள கூண்டு என்பது என் உறுதியான கருத்து. அதன் வடக்குச் சுவரில் அகலமான ஜன்னல் வைத்தால், தளத்தைத் தொடாமலே படிவழியாக ஒளி ஹாலுக்கு இறங்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடபக்கம் நிற்பதால், அந்த ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். மேற்கில் பெரிய கண்ணாடி வேண்டவே வேண்டாம். மாலை வெயில் தாழ்ந்து நேராக உள்ளே வரும், சன்ஷேடு அதைத் தடுக்காது.

தளத்தில் துளையிட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், பீமையும் முக்கியக் கம்பிகளையும் தவிர்க்கும் இடத்தைப் பொறியாளர் குறித்துத் தரட்டும். துளையைச் சுற்றி மொட்டைமாடித் தரைக்கு மேல் குறைந்தது 6 அங்குல உயரத்துக்குக் கட்டைச்சுவர் எழுப்பி, உடைந்தாலும் சிதறி விழாத லேமினேட்டட் கண்ணாடி போடுங்கள்.

வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு ஷீட் போட்டு அறையாக்கும் பழக்கத்தை விடுங்கள்; கிடைக்கும் சில அடிக்காக உள்ளறைகளின் காற்றும் வெளிச்சமும் போய்விடுகின்றன. சமையலறையில் ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் லாஃப்ட்டை, சுவர் அதைச் சார்ந்திராவிட்டால், எடுத்துவிட்டு, பண்டபாத்திரங்களை மாடிப்படிக்கு அடியில் அலமாரி அமைத்து வையுங்கள்.

மொட்டைமாடி வேலை முடிந்ததும் 2 நாள் தண்ணீர் கட்டி வைத்து, எங்கும் கசிவில்லை என்று உறுதியான பின்பே உள்பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.