வெளிநாடு போகும் நம்மட பிள்ளைகளுக்கு: செக் எங்கே போய்விட்டது, எங்கே இன்னும் நிற்கிறது

களுவாஞ்சிகுடியில் தங்கச்சி வீட்டில் மூன்று மாதமாக நிற்கிறேன். அவளுடைய மகன் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போகிறான். அவனோடு ஏ.எல். படித்த காரைதீவுப் பிள்ளை ஒருத்தி தாதி வேலைக்கு லண்டன் போகிறாள். ஒருநாள் பின்னேரம் இரண்டு பேரும் விறாந்தையில் வந்து உட்கார்ந்து, மனதில் கிடந்த கேள்வியெல்லாம் கேட்டார்கள். குளிர்ச்சட்டை, சிம் அட்டை, பஸ் கார்ட் எல்லாம் முடிந்தபிறகு அவன் கேட்டான்:

"பெரியம்மா, அங்க செக் புத்தகம் எடுக்கணுமா? எனக்கு எழுதவே தெரியாதே."

இருபத்திநாலு வருசம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்தவள் நான். செக்கால் ஒருமுறை சூடுபட்டும் இருக்கிறேன். அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னது புதிதாகப் போய் இறங்குகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

செக் புத்தகம் எடுக்கக் காசு கட்டாதீர்கள். ஆனால் செக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் விமானம் ஏறவும் வேண்டாம்.

இங்கே செக் என்பது வியாபாரிகளின் சாமான். படுவான்கரையில் பெரும்போகம் அறுத்த வயல்காரர் நெல்லை ஏற்றிவிட்டு, ஒரு மாதம் தள்ளி டேட் போட்ட செக்கை வாங்கி மடித்து வைத்துக்கொள்வார். அந்தத் திகதி வரும்வரை உரக்கடைக்கும் உழவுமெசின்காரருக்கும் தவணை சொல்லிக்கொண்டு திரிவார். அதைவிட்டால் நம்மட வீடுகளில் செக் எழுதினவர்கள் குறைவு. உங்கள் வயதுப் பிள்ளைகள் கைக்காசிலிருந்து நேரே போனுக்கு வந்துவிட்டீர்கள். வங்கிக்கு வங்கி உடனே காசு மாற்றும் முறை இலங்கையில் 2015இல் வந்தது, கடையில் கியூஆரைப் போனில் பிடித்துக் கட்டும் லங்கா கியூஆர் 2018இல் வந்தது. ஆகவே செக் எழுதத் தெரியாது என்று வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே பிறந்து வளர்ந்த உங்கள் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் தெரியாது.

நாங்கள் போன காலம் வேறு. பேஸ்மென்ட் வாடகைக்கு வருசத்துக்குப் பன்னிரண்டு செக்கை எழுதி, ஒவ்வொன்றிலும் மாதத்தின் முதலாம் திகதியைப் போட்டு, வீட்டுக்காரரிடம் ஒரே அடியாகக் கொடுத்தோம். சீட்டுக்காசு செக். பிள்ளையின் நீச்சல் வகுப்புக்குச் செக். கலியாண வீட்டு என்வலப்புக்குள்ளும் செக். இப்போது அதே ஆக்கள் "ஈ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணிவிடுறன்" என்கிறார்கள். இன்டராக் ஈ-ட்ரான்ஸ்ஃபர் என்பதுதான் முழுப்பெயர். மற்றவருடைய மின்னஞ்சலோ போன் இலக்கமோ தெரிந்தால் போதும், வங்கியின் ஆப்பிலிருந்தே காசு போய்ச் சேரும்.

எந்த நாட்டில் என்ன நிலை

லண்டன் பிள்ளைக்கு: இங்கிலாந்தில் 2008 மே மாதம் ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் என்ற, வங்கிக்கு வங்கி உடனே காசு மாற்றும் முறை தொடங்கியதிலிருந்து ஆளுக்கு ஆள் கொடுக்கும் காசு அதன் வழியே போகத் தொடங்கியது. செக்குக்கு வங்கி காசு தரும் என்று உறுதி சொல்ல, செக்கோடு காட்டுகிற உத்தரவாத அட்டை 2011 ஜூன் 30உடன் முடிந்தது. அதற்குப் பிறகு கடைகளில் செக்கை யார் வாங்குவார்கள்? 2018இல் செக்கையே முழுதாக மூடப்போவதாக 2009இல் அறிவித்தார்கள். வயதானவர்கள் பக்கமிருந்தும் தொண்டு அமைப்புகளிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது, 2011இல் அந்த முடிவைக் கைவிட்டார்கள். அதனால் அங்கே செக் இன்னும் செல்லும். வேலைநாளில் வங்கியில் போட்டால் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் காசு வந்துவிடும். காகிதத்துக்குப் பதிலாக அதன் படம்தான் வங்கிகளுக்கிடையில் போகிறது.

அவுஸ்திரேலியா போகிறவர்கள் மறந்தேவிடலாம்: 2028 ஜூன் 30க்குப் பிறகு புதிய செக் கொடுக்கப்படாது, 2029 செப்டெம்பர் 30க்குப் பிறகு யாரும் ஏற்கவும் மாட்டார்கள். நியூசிலாந்தில் 2021இலேயே வங்கிகள் நிறுத்திவிட்டன. டென்மார்க்கில் 2017 பிறந்ததோடு முடிந்தது. சுவிஸில் செக்கைத் தேடாதீர்கள்; தபால் பெட்டிக்கு வருகிற பில்லின் அடியில் கியூஆர் இருக்கும், அதைப் போனில் பிடித்துக் கட்டுவார்கள், சிறு கொடுக்கல் வாங்கலுக்கு ட்வின்ட் என்ற போன் ஆப். அமெரிக்காவில் செக் நெடுநாள் பிடிவாதமாக நின்றது. இப்போது அரசாங்கமே 2025 செப்டெம்பர் 30 முதல் தன் கொடுப்பனவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காகிதச் செக் அனுப்புவதை நிறுத்தத் தொடங்கிவிட்டது.

பிரான்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் செக் அதிகம் புழங்குவது அங்கேதான். எழுதிய திகதியிலிருந்து ஒரு வருசமும் எட்டு நாளும் அது செல்லும். கணக்கில் காசில்லாமல் செக் எழுதி, அதைச் சரிசெய்யாமலும் விட்டால், ஐந்து வருசம் வரைக்கும் எந்த வங்கியிலும் செக் எழுத முடியாதபடி தடை வரும். "சும்மா ஒரு செக் தாரும், வங்கியில் போடமாட்டேன்" என்று பிணைக்காக யாராவது கேட்டால், கணக்கில் அந்தத் தொகை இருந்தால் மட்டும் எழுதுங்கள். போடமாட்டேன் என்ற வாய்ச்சொல்லை வங்கி பார்க்காது.

கனடாவில் செக்கின் கடைசி வரி

என் கைப்பையில் எப்போதும் ஒரு பழைய செக் ஒற்றை கிடக்கும். அதை எடுத்து மேசையில் விரித்து பெறாமகனுக்குக் காட்டினேன். நடுவில் வொய்ட் (VOID, செல்லாது) என்று பெரிதாகக் குறுக்கே எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் அதை வைத்து யாரும் காசு எடுக்க முடியாது. அடியில், கோணல்மாணலான எழுத்தில் ஒரு வரி எண்கள்: முதலில் செக்கின் இலக்கம், பிறகு கிளையைக் காட்டும் ஐந்து இலக்கம், வங்கியைக் காட்டும் மூன்று இலக்கம், கடைசியில் கணக்கு இலக்கம். இயந்திரம் வாசிப்பதற்காகக் காந்த மையில் அடித்தது.

"இந்த வரிதான் மனே உனக்குத் தேவை, கடதாசி இல்ல" என்றேன்.

முதல் வேலையில் சேர்ந்ததும் சம்பளம் போடுவதற்கு "வொய்ட் செக் கொண்டு வா" என்பார்கள். புதிதாகப் போனவர்கள் இதைக் கேட்டுப் பதறி, ஐம்பது செக் உள்ள புத்தகத்துக்குக் காசு கட்டுகிறார்கள். வேண்டாம். வங்கியின் ஆப்பிலோ இணையத்திலோ டிரெக்ட் டெபொசிட் படிவம் என்று இருக்கும். அதே எண்கள் அதில் அச்சாகி வரும், காசும் இல்லை. லண்டனில் இதே வேலையை வங்கியையும் கிளையையும் காட்டும் ஆறு இலக்க சோர்ட் கோடும் எட்டு இலக்கக் கணக்கு இலக்கமும் செய்யும்.

வாடகைக்குப் பன்னிரண்டு செக் கேட்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம்மட ஆக்களிலும் இருக்கிறார்கள். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, இப்படித் தள்ளி டேட் போட்ட செக் தந்தால்தான் வீடு என்று கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக விரும்பிக் கொடுத்தால் கொடுக்கலாம். நம்மட அண்ணன் வீடு, எப்படி மறுப்பது என்று கூச்சப்படாதீர்கள். "அண்ணா, மாதா மாதம் முதலாம் திகதி ஈ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணிவிடுறன்" என்று மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள். அந்தத் திகதியில் தவறாமல் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் கைக்கு வரும் செக்

செக் எழுதுவதைவிட வாங்குவதில்தான் ஆபத்து. என் கதையைச் சொல்கிறேன்.

போய் முதல் வருசம். வீடு துப்புரவு செய்யும் வேலைக்கு விளம்பரம் போட்டிருந்தேன். ஒருவர் மின்னஞ்சல் எழுதினார்: குடும்பத்தோடு வேறு நகரத்திலிருந்து வருகிறோம், முன்பணமாகச் செக் அனுப்புகிறேன், உங்கள் கூலி 400 டொலரை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தளபாடம் ஏற்றுபவருக்கு அனுப்பிவிடுங்கள். 2,800 டொலருக்குச் செக் வந்தது. நல்ல தடித்த கடதாசி, பெரிய கம்பனியின் பெயர். வங்கியில் போட்டேன். இரண்டு நாளில் கணக்கில் 2,800 கூடி நின்றது. என் கண்ணால் பார்த்தேன். காசு வந்துவிட்டது என்று நம்பி 2,400 டொலரை அனுப்பினேன். பத்தாம் நாள் செக் போலி என்று திரும்பியது. வங்கி 2,800ஐயும் என் கணக்கிலிருந்து எடுத்தது. மூன்று மாத வாடகைக்குமேல் அது. பிள்ளைக்குக் குளிர்ச்சப்பாத்து வாங்க வைத்திருந்த காசும் அதற்குள் போனது. அன்றிரவு அம்மாவுக்குப் போன் எடுத்து, எல்லாம் சுகம் என்று சொன்னேன்.

வங்கி கணக்கில் காட்டுகிற காசு, செக் தேறிவிட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை. இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். கனடாவில் 1,500 டொலர் வரையான செக்கை நேரில் போட்டால் வங்கி நான்கு வேலைநாள் வரை அந்தக் காசைத் தடுத்து வைக்கலாம், அதற்குமேல் என்றால் ஏழு வேலைநாள். போனில் படமெடுத்தோ வங்கி இயந்திரத்திலோ போட்டால் இன்னும் ஒரு நாள் கூடும். முதல் 100 டொலரை மட்டும் முந்தித் தர வேண்டும். கணக்குத் திறந்து 90 நாள் ஆகாதவர்களுக்கு இந்த எல்லைகூட இல்லை, இன்னும் நீட்டலாம். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் அந்த வகைதான். தடுப்பை எடுத்த பிறகும் செக் திரும்பலாம், திரும்பினால் பொறுப்பு உங்களுடையது. மிச்சக்காசை வேறொருவருக்கு அனுப்பு என்று யார் செக் தந்தாலும், அது கோயில் தலைவராகவே இருந்தாலும், வாங்காதீர்கள்.

செக்கில் இருந்த அவகாசம்

செக் போனதில் எனக்கு ஒரு கவலை உண்டு. செக் எழுதினால் அது தபாலில் போய், வங்கியில் விழுந்து, தேறுவதற்குள் நாள் கிடைக்கும். பிழை என்று தெரிந்தால் வங்கிக்குச் சொல்லி நிறுத்தலாம். ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அந்த நாள்கள் இல்லை. வரும் காசு கேள்வியில்லாமல் நேரே கணக்கில் விழுகிற ஒட்டோ டெபொசிட் வசதியைப் பெறுபவர் வைத்திருந்தால் அழுத்தின கையோடு காசு அவருடையதாகிவிடும், திருப்பி எடுக்க வழியில்லை. வைக்காவிட்டால், அவர் காசை ஏற்கும்வரைதான் நீங்கள் ரத்துச் செய்யலாம்.

புறப்படும் முன்பே இங்கிருந்தபடி அறைக்கு முற்பணம் அனுப்பச் சொல்வார்கள். படத்தில் அறை வெளிச்சமாக இருக்கும், வாடகை மலிவாக இருக்கும். அங்கே உள்ள சொந்தக்காரர் யாராவது நேரில் போய்க் கதவைத் திறந்து பார்க்காமல் ஒரு டொலரும் அனுப்ப வேண்டாம். ஆள் இல்லையென்றால் முதல் இரண்டு கிழமைக்குத் தற்காலிகமாக ஓரிடத்தில் தங்கி, பிறகு பார்த்து எடுங்கள்.

போய்க் கணக்குத் திறந்த அன்றைக்கே உங்கள் மின்னஞ்சலுக்கு ஒட்டோ டெபொசிட் போட்டுவிடுங்கள். உங்களுக்கு வரும் காசை இடையில் யாரும் மறிக்க முடியாது. மற்றவருக்கு அனுப்பும்போது பாதுகாப்புக் கேள்வி கேட்டால், விடையாக மட்டக்களப்பு என்றோ பிள்ளையின் பெயரோ வைக்காதீர்கள். நம்மட ஆக்கள் பாதிப்பேர் அதைத்தான் வைக்கிறார்கள். விடையைப் போனில் வாயால் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் காசு அனுப்புமுன் பெறுபவரின் பெயர் கணக்கோடு பொருந்துகிறதா என்று ஆப் சொல்லும். பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாற்றி அனுப்பவைத்த காசை வங்கி திருப்பித் தரவேண்டும் என்ற விதி அங்கே 2024 ஒக்டோபர் 7இலிருந்து, 85,000 பவுண் வரைக்கும் இருக்கிறது. தெரிந்த உடனேயே முறையிட வேண்டும்.

பெயர்

காரைதீவுப் பிள்ளை கேட்டாள், "அன்டி, என்ட பாஸ்போட்டில அப்பாட பேர்தான் முன்னுக்கு இரிக்கு, பிரச்சினை வருமா?" வரும் மகள். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும். வேலைத்தலத்தில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, கலியாண வீட்டில் வீட்டுப்பெயர். எனக்கு ஒருமுறை வீட்டில் கூப்பிடும் பெயரில் செக் எழுதித் தந்தார்கள். வங்கி ஏற்கவில்லை, தந்தவரிடம் திரும்பிப்போய் வேறு செக் கேட்க நான் கூச்சப்பட்டது எனக்குத்தான் தெரியும். கடவுச்சீட்டில் எந்த ஒழுங்கில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ, வங்கியிலும் வேலைத்தலத்திலும் வாடகை ஒப்பந்தத்திலும் அப்படியே கொடுங்கள். ஒரு எழுத்தும் மாற வேண்டாம்.

வீட்டுக்குக் காசு அனுப்பவும் செக்கை நினைக்காதீர்கள். அந்த நாளில் நான் தபாலில் போட்ட வங்கி டிராஃப்டை அம்மா வங்கியில் கொடுத்து, ஆறு கிழமை காத்திருந்து எடுத்தவர். இப்போது கணக்குக்கே அனுப்பலாம். அதனால் பெட்டி கட்டும் முன் அம்மாவின் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுங்கள். கிளையின் பெயர், கணக்கு இலக்கம், அம்மாவின் பெயர் எழுதியிருக்கும் விதம் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப அந்த வங்கியைக் காட்டும் சுவிஃப்ட் குறியீட்டையும் வங்கியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெறாமகன் அன்றைக்கே படம் எடுத்தான். கிளையின் பெயர் மங்கிக் கிடந்தது, அடுத்த நாள் காலை தங்கச்சியும் அவனும் புதுப் புத்தகம் எடுக்க வங்கிக்குப் போனார்கள்.