டின் பெரோவ்ஸ்கைட் படலத்தின் ஒளிர்வை அளப்பது எப்படி?

கோவைப் பக்கம் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போது டின் (வெள்ளீயம்) உள்ள பெரோவ்ஸ்கைட் என்னும் படிகவகைக் குறைக்கடத்தியான ஃபார்மமிடினியம் டின் அயோடைடு படலத்தைத் திறந்த மேஜையில் வைத்து அளக்க நினைக்காதீங்க. ஆக்சிஜனும் ஈரமும் நீக்கிய குளோவ் பாக்ஸுக்குள்ளேயே மேலே இன்னொரு கண்ணாடி வைத்து, ஓரத்தை எபாக்சியால் அடைத்து எடுத்து வாருங்கள். ஆக்சிஜன் பட்டால் வெள்ளீயம் பிளஸ் 2-இலிருந்து பிளஸ் 4 நிலைக்குப் போய்விடும், படலத்தில் ஹோல்கள் (எலக்ட்ரான் இல்லாத இடங்கள், நேர்மின்னூட்டம் போல நடப்பவை) பெருகும். இதைத் தடுக்கப் படலம் போடும் கரைசலில் டின் ஃபுளோரைடு 10 மோல் சதவீத அளவில் சேர்ப்பது வழக்கம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

லேசர் பட்டதும் படலம் தரும் ஒளிர்வு 900 நானோமீட்டரை ஒட்டி வரும், கண்ணுக்குத் தெரியாது. சிலிக்கான் டிடெக்டர் போதும், லேசர் சிதறலை வெட்ட, நீண்ட அலைநீளத்தை மட்டும் விடும் ஒரு லாங்பாஸ் ஃபில்டர்.

சரி, முக்கியமான வேலை இதுதான். பல்ஸ் லேசரின் ஆற்றலைப் படிப்படியாகக் கூட்டி, பல்ஸ் பட்ட கணத்தில் வரும் ஒளிர்வைக் குறித்து, இரண்டையும் லாக் (மடக்கை) அளவில் வரையுங்கள். சாய்வு 1-ஐ ஒட்டி இருந்தால், புதிய எலக்ட்ரான்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் ஹோல்களோடு சேர்ந்துதான் ஒளி தருகின்றன. 2 என்றால் எலக்ட்ரான், ஹோல் இரண்டும் லேசர் தந்தவை. அதனால் ஒளிர்வு சட்டென்று தணிவதைப் பார்த்ததும் எல்லாம் படிகக் குறைபாடுகளில் ஒளி தராமல் வீணாகிறது என்று எழுதிவிடாதீர்கள், ஹோல் மிகுந்த படலத்தில் ஒளி தரும் சேர்க்கையும் வேகமாகத்தான் நடக்கும். உச்சம் குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்திருந்தால் ஹோல் அளவு மீறிவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள், புதுப் படலம் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.