‘வேறுபாடு இல்லை’ என்று எப்போது எழுதலாம்? உளவியல் ஆய்வில் சமானச் சோதனை: தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

உளவியல் ஆய்வேடுகளில், பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும், கண்ட அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ வேறுபாடு தற்செயலாகக் கிடைக்கும் நிகழ்தகவு) 0.05-ஐ விட அதிகமாக வந்துவிட்டால், “இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை” என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. இந்த முடிவுக்கு அந்தச் சோதனை இடம் தருவதில்லை. வழக்கமான டி-சோதனை, வேறுபாடு பூச்சியம் என்ற இன்மைக் கருதுகோளை நிராகரிக்கப் போதிய சான்று இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. சான்று போதவில்லை என்றால், வேறுபாடு உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். அல்லது அதைக் கண்டறியும் அளவுக்கு நம்மிடம் பங்கேற்பாளர்கள் இல்லாமலும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காகவே சமானச் சோதனை இருக்கிறது.

இதில் அதிகம் பயன்படும் முறை ‘இரு ஒருபக்கச் சோதனைகள்’. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டோஸ்ட் என்பார்கள். டொனால்ட் ஷுயர்மன் 1987-இல் மருந்தியலுக்காக இதை விரிவாக எடுத்துரைத்தார். உளவியலில் இது பரவுவதற்கு, நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானியல் லாக்கன்ஸ் 2017-இல் வெளியிட்ட கட்டுரையும் அவர் உருவாக்கிய டோஸ்டர் மென்பொருளும் பெரிதும் துணைபுரிந்தன.

விளக்கத்திற்காக ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு பாடப்பகுதியை ஒரு குழு தாளிலும் மற்றொரு குழு திரையிலும் படிக்கிறது. பிறகு இரு குழுக்களும் 40 மதிப்பெண்ணுக்கான நினைவுத் தேர்வை எழுதுகின்றன. கீழே வரும் மதிப்பெண்கள் அனைத்தும் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை.

படி 1: சமான எல்லைகளை வகுத்தல்

முழு முறையும் இந்தப் படியின் மீதுதான் நிற்கிறது. நேரத்தையும் சிந்தனையையும் இங்கேதான் அதிகம் செலவிட வேண்டும். “எவ்வளவு சிறிய வேறுபாடு வரை நமக்குப் பொருட்டல்ல?” என்ற கேள்விக்கு, தரவைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணால் விடை சொல்லியாக வேண்டும். நம் எடுத்துக்காட்டில், 2 மதிப்பெண்ணுக்குக் குறைவான வேறுபாடு கற்பித்தலில் எந்த முடிவையும் மாற்றாது என்று காரணம் காட்டி, எல்லைகளை −2, +2 என வைக்கிறோம். திட்ட விலக்கம் 5 என்று கொண்டால், இது கோஹன் டி அளவில் (வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்) 0.4 ஆகும்.

நடைமுறைக் காரணம் எதுவும் கிடைக்காத இடங்களில், குறிப்பாக முந்தைய ஆய்வொன்றை மீண்டும் செய்து பார்க்கும்போது, ஊரி சைமன்சோன் 2015-இல் முன்வைத்த வழி உதவும். மூல ஆய்வு 33 விழுக்காடு திறனுடன் (உண்மையில் இருக்கும் விளைவைச் சோதனை கண்டறியும் நிகழ்தகவு) மட்டுமே கண்டறிந்திருக்கக்கூடிய விளைவு அளவை எல்லையாகக் கொள்வதே அந்த வழி. குழுவுக்கு 20 பேர் இருந்த ஆய்வுக்கு அது கோஹன் டி அளவில் சுமார் 0.5. பிற ஆய்வுகளில் கண்ட எல்லையைக் காரணம் சொல்லாமல் எடுத்துக்கொள்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எல்லைக்கான நியாயம் பலவீனமாக இருந்தால், அதன் பிறகு வரும் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. எல்லையையும் அதற்கான காரணத்தையும் முன்பதிவில் (தரவு திரட்டும் முன்பே ஆய்வுத் திட்டத்தைப் பதிவு செய்யும் ஆவணத்தில்) எழுதி வைப்பதே நல்லது.

படி 2: எத்தனை பேர் தேவை?

உண்மையான வேறுபாடு பூச்சியம் என்று கொண்டு, 0.05 மட்டத்தில் சமானத்தை நிறுவ 80 விழுக்காடு திறன் வேண்டுமானால், 0.4 என்ற எல்லைக்குக் குழுவுக்குச் சுமார் 108 பேர் வேண்டும். எல்லையை 0.2 ஆகச் சுருக்கினால் தேவை ஏறத்தாழ நான்கு மடங்காகி, குழுவுக்கு 430 பேரை நெருங்கிவிடும்.

படி 3: இரண்டு சோதனைகள்

தாள் குழுவின் சராசரி 26.4, திரைக் குழுவின் சராசரி 26.1, இரண்டிலும் திட்ட விலக்கம் 5, குழுவுக்கு 108 பேர் என்று கொள்வோம். வேறுபாடு 0.3, அதன் திட்டப் பிழை (மாதிரிக்கு மாதிரி அந்த வேறுபாடு மாறக்கூடிய அளவு) 0.68. முதல் சோதனை, வேறுபாடு −2 அல்லது அதற்கும் கீழே என்ற கருதுகோளை எதிர்கொள்கிறது: 0.3-உடன் 2-ஐக் கூட்டி 0.68-ஆல் வகுத்தால் டி (டி-சோதனையின் மதிப்பு, கோஹன் டி அல்ல) = 3.38. இரண்டாவது சோதனை, வேறுபாடு +2 அல்லது அதற்கும் மேலே என்ற கருதுகோளை எதிர்கொள்கிறது: 0.3-இலிருந்து 2-ஐக் கழித்து வகுத்தால் டி = −2.50. இரண்டிலும் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால்தான் சமானம் நிறுவப்பட்டதாகும். அறிக்கையில் இரண்டில் பெரிய பி-மதிப்பைத் தந்தால் போதும். இங்கே அது 0.007.

ஆர் மொழியில் டோஸ்டர் தொகுப்பும், நிரல் எழுதப் பழகாதவர்களுக்கு ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் அதே பெயரிலான கூறும் இந்தக் கணக்கைச் செய்து தரும். எல்லையை மதிப்பெண்ணாகக் கொடுக்கிறீர்களா, கோஹன் டி அளவாகக் கொடுக்கிறீர்களா என்பதை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இரு குழுக்களின் பரவல் ஒன்றே என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது வெல்ச் முறையை (பரவல்கள் சமம் என்று கருதாத டி-சோதனையை) தேர்வு செய்யுங்கள்.

படி 4: இடைவெளியை வாசித்தல்

இதே முடிவை 90 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியிலும் காணலாம். தலா 0.05 மட்டத்தில் இரண்டு ஒருபக்கச் சோதனைகள் நடப்பதால்தான் 95-க்குப் பதிலாக 90 வருகிறது. நம் இடைவெளி −0.82 முதல் 1.42 வரை, முழுவதும் எல்லைகளுக்குள் அடங்குகிறது.

இப்போது சராசரிகளையும் திட்ட விலக்கத்தையும் மாற்றாமல், குழுவுக்கு 25 பேர் மட்டும் என்று வையுங்கள். வழக்கமான டி-சோதனையின் பி-மதிப்பு 0.66-இலிருந்து 0.83-ஆக உயர்கிறது, பழைய வழக்கப்படி பார்த்தால் ‘வேறுபாடு இல்லை’ என்பது இன்னும் உறுதியானது போலத் தோன்றும். ஆனால் இடைவெளி −2.07 முதல் 2.67 வரை விரிந்து இரு எல்லைகளையும் தாண்டிவிடுகிறது. இங்கே வேறுபாடு உண்டு என்றும் சொல்ல முடியாது, பொருட்டல்ல என்றும் சொல்ல முடியாது. மாறாக, குழுவுக்கு 5000 பேர் இருந்தால் இடைவெளி 0.14 முதல் 0.46 வரை: வேறுபாடு பூச்சியம் அல்ல, ஆயினும் நாம் வகுத்த அளவுகோலின்படி பொருட்டும் அல்ல.

உண்மையான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. தன்கட்டுப்பாட்டை ஒரு பணியில் செலவிட்டால் அடுத்த பணிக்கு அது குறைந்துவிடும் என்ற கருத்தை, 2016-இல் வெளியான ஆய்வொன்றில் 23 ஆய்வகங்கள் 2141 பேரிடம் சோதித்தன. விளைவு 0.04; 95 விழுக்காடு இடைவெளி −0.07 முதல் 0.15 வரை. 0.2-ஐ எல்லையாக முன்கூட்டியே வகுத்த ஒருவருக்கு, இந்த அகன்ற இடைவெளியே உள்ளே அடங்கிவிடுவதால், 90 விழுக்காடு இடைவெளியும் அடங்கும். 0.1-ஐ எல்லையாக வகுத்தவரோ அதே தரவிலிருந்து சமானத்தை நிறுவ முடியாது.

படி 5: எழுதுதல்

“சமான எல்லைகள் ±2 மதிப்பெண்; கண்ட வேறுபாடு 0.3, 90 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −0.82 முதல் 1.42 வரை; டி(214) = −2.50, பி = 0.007. எனவே 2 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ உள்ள வேறுபாட்டை நிராகரிக்கிறோம்” என்று எழுதலாம் (214 என்பது கட்டின்மை எண்: மொத்தம் 216 பேரிலிருந்து 2 குறைவு). ‘இரு முறைகளும் ஒன்றே’ என்று எழுதாதீர்கள். குழுவுக்கு 25 பேர் உள்ள நிலை உங்களுக்கு நேர்ந்தால், ‘தரவு எந்த முடிவுக்கும் போதவில்லை’ என்பதையே முடிவுரையிலும் சுருக்கத்திலும் அப்படியே எழுதுங்கள்.