மடக்கு கேரவனுக்கு நிழல் பந்தல்: தைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கேரவன் என்பது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் தங்கும் வண்டி; மடக்கு கேரவனைப் போகும்போது தட்டையாக மடக்கி, தங்கும் இடத்தில் விரித்துக்கொள்ளலாம். பெரிய கேரவனின் பந்தலைப் பார்த்து, அதையே சிறிதாக்கித் தைத்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பிரிட்டனின் கோபர், பிரான்ஸின் ராப்பிடோ போன்ற மடக்கு கேரவன்களில் முதலில் கூரை மேலே எழும், பிறகு சுவர்கள் நிமிரும். மடக்கும்போது எல்லாம் தலைகீழ். பந்தல் மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று சுவரில் ஒரு கொக்கியைத் திருகி வைத்தால், சுவர் உள்ளே சாயும்போது அது மெத்தையில் குத்தும், அல்லது கூரையை முழுதாக மூட விடாது. கழற்ற மறந்த கிளிப் ஒன்று கூரைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே சிக்கினால் ரப்பர் பட்டை கிழியும். அடுத்த மழையில் ஒழுகும். அதனால் துணியை வெட்டும் முன் வண்டியை ஒருமுறை மடக்கிப் பாருங்கள். எது எங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்த பிறகே அளவு நாடா.

பந்தலைக் கூரையில் மட்டும் மாட்டுவதே நல்லது. ஓரத்தில் அலுமினியக் காடி (நீளவாக்கில் ஓடும் பள்ளம்) இருந்தால் வேலை சுலபம்: துணியின் விளிம்பை ஒரு கயிற்றைச் சுற்றித் தைத்து, காடிக்குள் நுழைத்து இழுத்துவிடலாம். ஆனால் கயிற்றின் தடிமனைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினால் பாதி வழியில் இறுகிவிடும். குறைந்தால் காற்றில் உருவிக்கொண்டு வரும். ஒரு சாண் துண்டு தைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முழு நீளத்தைத் தையுங்கள். காடி இல்லையா? காந்தம் வாங்கிவிடாதீர்கள், அலுமினியத்திலும் ஃபைபர் கிளாஸிலும் அது ஒட்டாது. உறிஞ்சு கப்புகள் வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக விழும். கூரை மேல் கயிறு போட்டு மறுபக்கத் தரையில் முளையடித்துக் கட்டுவது பழைய வழிதான், ஆனாலும் நிற்கும். கயிறு உரசும் இடத்தில் பழைய துணியைச் சுற்றி வைத்தால் போதும்.

அடுத்தது வெயிலின் கோணம். இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். தலைக்கு மேல் துணி இருந்தால் நிழல் கிடைத்துவிடும் என்பது நம் ஊர் உச்சிவெயில் கணக்கு. லண்டனில் ஜூன் கடைசியில் மாலை 6 மணிக்குச் சூரியன் சுமார் 27 பாகை உயரத்தில்தான் இருக்கும். மறையவே 9 மணி தாண்டும். இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டிய துணியின் நிழல் அப்போது ஏறக்குறைய நான்கு மீட்டர் தள்ளி விழும். நாற்காலி வெயிலில், நிழல் பக்கத்து ஆள் புல்வெளியில்! மேல்துணியை இன்னும் பெரிதாக்குவதில் பலனில்லை. மேற்குப் பக்கம் தொங்கவிட ஒரு தனித் திரையைத் தைத்துக்கொண்டால் சாயங்காலம் நிம்மதியாக உட்காரலாம்.

நிழலுக்குத்தானே என்று துணியைத் தட்டையாகக் கட்டாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 10 கிலோ. அந்தப் பாரம் கூரை ஓரத்தைத்தான் இழுக்கும். சரி, முன்பக்கத்தை இறக்கலாம் என்றால் தலை இடிக்கும், ஏனென்றால் மடக்கு கேரவனின் கூரை ஓரமே அவ்வளவு உயரமில்லை. முன் கம்பங்களில் ஒன்றை மட்டும் குட்டையாக்குங்கள். தண்ணீர் அந்த மூலை வழியாக வழிந்துவிடும்.

தையலில் பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் இற்றுப்போகும். பாலியெஸ்டர் நூல் நல்லது. மூலை வளையத்தை ஒற்றைத் துணியில் அடித்தால் முதல் காற்றிலேயே பிய்ந்துவிடும். நாடா வைத்து மூன்று நான்கு மடிப்பாக்கி அடியுங்கள். பலத்த காற்று வந்தால் என்ன செய்வது? கூடுதல் கயிறு தேடாமல் பந்தலைக் கழற்றிவிடுங்கள். கழற்றக்கூடிய பந்தல் தைத்ததே அதற்குத்தான்.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் இருந்தால் அதன் காற்றுத் துவாரங்களைத் துணி மறைக்கக் கூடாது. பக்கத்திரை இறங்கியிருக்கும்போது கரியடுப்பைப் பந்தலுக்குள் கொண்டுவரவே கூடாது. அணைந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். மழையில் நனைந்த பந்தலை மெத்தை மேல் போட்டு வண்டியை மடக்கினால் இரண்டிலும் பூஞ்சை பிடிக்கும். தனிப் பையில் போட்டுக் காரில் வையுங்கள், வீட்டுக்குப் போனதும் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.